பூந்தொட்டிக் கல்லும் ரெண்டாவது ஆபரேஷனும்

என் வீட்டுக்காரரு வாயைத் திறந்தா நான் எழுந்து போயிருவேன். எங்க வீட்டுல வருஷக்கணக்கா நடந்த கூத்து இது. அவரு லோரி ஓட்டுறவரு. சிம்பாங் பூலாயில இருந்து மலைக்கு ஏறி, காய்கறி ஏத்திக்கிட்டு ஈப்போவுக்கு இறங்குவாரு. வழியில பாத்ததை வீட்டுல வந்து நடிச்சுக் காட்டலைன்னா மனுஷனுக்குச் சோறு இறங்காது. சம்மன் எழுதுற போலீஸ்காரரு தொப்பையை உள்ள இழுக்கிறது, சீனத்துக் கிழவி ஒரு கட்டுக் கீரைக்கு மார்க்கெட்டையே ரெண்டாக்குறது, காப்பிக்கடைக்காரரு காதுல பென்சிலைச் சொருகிக்கிட்டே பென்சிலைத் தேடுறது, எல்லாத்தையும் செஞ்சு காட்டுவாரு. சுங்காய் பக்கத்துல எங்க ரப்பர்த் தோட்டத்துக்குப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு, மாப்பிள்ளையப் புடிச்சிருக்கான்னு எங்கம்மா அடுப்படிக்கு வந்து கேட்டாங்க. கூடத்துல அவரு நடிச்சுப் பேசினதைக் கேட்டு நான் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்.

அப்படிக் கட்டிக்கிட்டவ எழுந்து போனேன்னா காரணம் இதுதான். சிரிச்சா எனக்கு மூத்திரம் போயிரும்.

அப்பாடா, சொல்லிட்டேன். இந்த ஒரு வரியைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு நான் செஞ்ச கோமாளித்தனத்தைத்தான் இங்க எழுதுறேன். இருமினாலும் போகும், தும்மினாலும் போகும், பாசார்ல காய்கறிப் பையைத் தூக்கினாலும் போகும். பையைக் கீழ வச்சிரலாம், தும்மலை மூக்கைப் புடிச்சு அடக்கிரலாம். இந்த மனுஷன் மட்டும் வேலை மெனக்கெட்டு, சோத்துத் தட்டுக்கு எதிர்ல உக்காந்து, என்னைச் சிரிக்க வைக்கிறதையே தொழிலா வச்சிருந்தாரு. கதை சூடு பிடிக்கிறப்ப நான் அடுப்புல பால் இருக்குன்னு சொல்லி எழுந்துருவேன். அடுப்புல ஒண்ணும் இருக்காது. கொஞ்சம் கொஞ்சமா அவரும் கதை சொல்றதைக் குறைச்சுக்கிட்டாரு. எனக்கு ஆசைன்னு இருந்தது ஒண்ணே ஒண்ணுதான். இந்த ஆளு ஒரு கதை சொன்னா, கடைசி வரைக்கும் எதிர்லயே உக்காந்து கேக்கணும்.

நான் வேலை செய்யுறது கையுறை செய்யுற ஃபேக்டரியில, பேக்கிங் பக்கம். அங்க உள்ள கிளினிக்ல ஒரு நாள் வேற எதுக்கோ போனப்ப தும்மிட்டேன், என் முகம் போன போக்கைப் பாத்தே அந்த டாக்டரம்மா புரிஞ்சுக்கிட்டாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் குடுத்தாங்க. அங்க முதல்ல கீழ்ச் சதையை இறுக்கிப் புடிச்சு விடுற பயிற்சி சொல்லிக் குடுத்தாங்க. பஸ்ஸுக்கு நிக்கிறப்ப, கையுறை எண்ணுறப்ப, சாமி கும்பிடுறப்பன்னு மாசக்கணக்கா இறுக்கினேன். போதலை. மூணு புள்ளையும் பிறக்குறப்பவே குண்டுப் புள்ளைங்க, அதுக்கு முன்னாடி கல்யாணம் ஆகுற வரைக்கும் ரெண்டு கையிலயும் ரப்பர் பால் வாளி தூக்கினவ. மூத்திரக் குழாய்க்கு அடியில தாங்கிப் புடிக்கிற தரை தளர்ந்து போச்சுன்னாங்க. அதுக்கு அடியில ஒரு வலை நாடாவை வச்சுத் தாங்கல் குடுத்துரலாம், சின்ன ஆபரேஷன், மறுநாள் வீட்டுக்குப் போலாம்னாங்க.

கடிதத்தோட வீட்டுக்கு வந்தேன். வாசல்ல என் நாத்தனா. என் வீட்டுக்காரருக்கு அக்கா, எங்க தாமான் குடியிருப்புல அடுத்த வரிசையில வீடு. அவங்க காதுல ஒண்ணு விழுந்தா அன்னிக்குச் சாயங்காலம் ஊர் தாண்டி சிலிம் ரிவர் வரைக்கும் போய்ச் சேந்துரும். கையில இருந்த ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் பாத்து என்ன ஆபரேஷன்னு கேட்டாங்க. என் வாயில கல்லுன்னு வந்துருச்சு. கிட்னியில கல்லு.

அது ஏன் வந்துச்சுன்னு கேட்டா, முந்தின மாசம் ஃபேக்டரியில சூப்பர்வைசருக்குக் கல்லு எடுத்திருந்தாங்க. கல்லுக்கு ஒரு மரியாதை இருக்கு. ஆம்பளைக்கும் வரும், பெரிய மனுஷங்களுக்கும் வரும், வெளிய சொல்லலாம். மூத்திரம் ஒழுகுதுன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? புருஷன்கிட்டயாவது உண்மையைச் சொல்லியிருக்கணும். ஆனா நாத்தனா எனக்கு முன்னாடியே அவருக்கு போன் போட்டுட்டாங்க. அவரு மலையில இருந்து இறங்கி வந்தப்ப கண்ணு கலங்கிப்போய் வந்தாரு. அப்புறம் நான் எப்படிச் சொல்றது?

கல்லுக்கு வைத்தியம் என்னன்னு உலகத்துக்கே தெரியும். தண்ணி. நாத்தனா காலையில ஒரு பிளாஸ்க் பார்லித் தண்ணி, மத்தியானம் வாழைத்தண்டுச் சாறு, சாயங்காலம் இன்னொரு பிளாஸ்க் பார்லி கொண்டு வந்து, நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் எதிர்ல உக்காந்திருப்பாங்க. என் வீட்டுக்காரரு ஒரு பாட்டிலை என் கையில கட்டித் தொங்க விடாத குறைதான். ஒழுகுற தொட்டியை அடைக்கப் போறவளுக்கு ஊரே சேந்து தண்ணி ஊத்துது. அந்த மாசம் நான் வாங்கின பேடுல ஒரு கடையே வச்சிருக்கலாம்.

ஆபரேஷனும் நடந்துச்சு. மறுநாள் காலையில வீட்டுக்காரரு கூட்டிட்டுப் போக வந்தாரு. வந்ததும் வராததுமா கேட்டாரு, கல்லு எங்கன்னு. அவரு கூட்டாளிக்குக் கல்லு எடுத்தப்ப பாட்டில்ல போட்டுக் கையில குடுத்தாங்களாம். மிஸ்ஸி மறந்துட்டாங்க போல, நானே போய்க் கேக்குறேன்னு கிளம்பிட்டாரு. ஐயோ கடவுளே, நர்சம்மாகிட்ட இவரு கல்லைக் கேட்டா என் மானம் கப்பலேறிரும். நீங்க போய்ப் பில்லைப் பாருங்கன்னு அனுப்பிட்டு, அடிவயித்தைப் புடிச்சுக்கிட்டு நடைபாதைக்குப் போனேன். அங்க ஒரு பூந்தொட்டி. மண்ணு மேல அழகுக்கு வெள்ளைக் கல்லு பரப்பி வச்சிருந்தாங்க, நம்ம ஈப்போ மலையில உடைக்கிற சுண்ணாம்புக் கல்லுதான். புளியங்கொட்டை அளவுல ஒண்ணை எடுத்துக் கழுவி, மூத்திரப் பரிசோதனைக்குக் குடுக்கிற சின்ன டப்பாவுல போட்டு வச்சுக்கிட்டேன்.

அவரு அதை வெளிச்சத்துல புடிச்சு ரொம்ப நேரம் பாத்தாரு. இவ்ளோ பெருசை வச்சுக்கிட்டா ஒரு வார்த்தை வலின்னு சொல்லாம இருந்தேன்னு கேட்டாரு. தேம்பித் தேம்பி அழுதாரு. எனக்கும் அழுகை வந்துச்சு, குத்தம் செஞ்ச அழுகை. அந்த டப்பா நேரா எங்க வீட்டுச் சாமி அலமாரிக்குப் போச்சு, விபூதித் தட்டுக்குப் பக்கத்துல. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவாரு. காட்டுறதோட விடுவாரா? டாக்டரு கல்லை இழுக்கிறது, கல்லு வர மாட்டேன்னு அடம் புடிக்கிறது, மிஸ்ஸிமாருங்க வரிசையா டாக்டர் இடுப்பைப் புடிச்சு இழுக்கிறது, எல்லாத்தையும் தனி ஆளா நடிப்பாரு. அவரு வாழ்க்கையிலயே நல்ல நடிப்பு அதுதான். நாடா நல்லா நின்னுச்சு. நான் எதிர்ல உக்காந்து, என் பொய்யைப் பாத்து நானே விழுந்து விழுந்து சிரிச்சேன். ஒரு சொட்டு வரலை. எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா? அப்படிச் சில மாசம்தான் இருந்துச்சு.

கெடுத்தது பால்குடம். ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவரு முருகன்கிட்ட நேந்துகிட்டாரு, என் பொண்டாட்டிக்குக் கல்லு நல்லபடியா வெளிய வந்துட்டா வர்ற தைப்பூசத்துக்கு அவளே பால்குடம் எடுப்பான்னு. எனக்குன்னு அவரு நேந்துகிட்டாரு, தூக்க வேண்டியது நான். டாக்டரு சொல்லி அனுப்பியிருந்தது என்னன்னா, மூணு மாசத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது, அரிசிப் பையைக்கூட அடுத்தவங்ககிட்ட குடு. தைப்பூசம் வந்தது ஏழாவது வாரத்துல. வர்ற வருஷம் எடுக்கிறேனேன்னு இழுத்துப் பாத்தேன். கல்லு எடுத்தவ ரெண்டாம் வாரமே மாவு ஆட்டலாம், உனக்கு என்ன வந்துச்சுன்னு நாத்தனா கேட்டாங்க. நேத்திக்கடனைத் தள்ளிப் போட்டா கல்லு திரும்பி வந்துரும்னு வேற சொன்னாங்க. என் வீட்டுக்காரரு கடையில போய் சின்னக் குடத்தை வேணாம்னு வச்சுட்டு, கல்லு பெருசா இருந்துச்சுல்லன்னு சொல்லிப் பெரிய எவர்சில்வர் குடமா வாங்கிட்டு வந்தாரு.

மஞ்சச் சேலை, வெறுங்காலு, தலையில தளும்பத் தளும்பப் பால். ஆத்தங்கரையில இருந்து குகைக் கோயில் வரைக்கும் நடை, அப்புறம் படி. ஒவ்வொரு படிக்கும் உள்ள அந்த நாடா அறுந்து போறதாவே எனக்குத் தோணுச்சு. பயத்துல கண்ணு தண்ணியா ஊத்துது, உடம்பு நடுங்குது. பாக்குறவங்க என்ன நினைப்பாங்க? அருள் வந்துருச்சுன்னு உறுமி மேளத்தைக் கொண்டு வந்து என் காதுக்கிட்ட அடிக்கிறாங்க. நாத்தனா என் காலுல விழுந்து, தாயி, என் மவனுக்கு ஒரு வாக்கு குடும்மான்னு கேட்டாங்க. எனக்கு மண்டையில இருந்தது டாக்டரு சொன்னது மட்டும்தான். "பாரம் தூக்காதே, மூணு மாசம் பாரம் தூக்காதே"ன்னு கத்திட்டேன்.

அவங்க மவன் அப்ப அரிசிக் குடோன்ல மூட்டை தூக்குற வேலை. மறுநாளே போய் வேலையை விட்டுட்டான். மூணு மாசம் வீட்டுல படுத்திருந்துட்டு, ஒரு கைப்பேசிக் கடையில சேந்து, இப்ப சொந்தமாவே கடை வச்சுட்டான். அதுல இருந்து எங்க தாமான்ல எனக்கு இருக்கிற மரியாதையே தனி. பிரசவம், வேலை, வீடு வாங்குறது எல்லாத்துக்கும் எங்கிட்ட ஜாடையாக் கேட்டுப் பாப்பாங்க. நான் வாயையே திறக்க மாட்டேன்.

சித்திரைக்கு முன்னாடியே ஒழுக ஆரம்பிச்சுருச்சு. முதல்ல தும்மலுக்கு ஒரு சொட்டு, அப்புறம் சோத்துத் தட்டுக்கு எதிர்ல, கல்லு கதையோட நடுவுல. டாக்டரு இடுப்பை மிஸ்ஸி புடிக்கிற இடத்துல நான் எழுந்து போயிட்டேன். அவரு கையைத் தூக்கினது தூக்கினபடியே நின்னாரு. மறுபடியும் இதான் நடந்துச்சு, தினமும். ஒரு வருஷத்துல அவரு கதை சொல்றதையே நிறுத்திட்டாரு. வருவாரு, சாப்பிடுவாரு, குழம்புல உப்பு சரியா இருக்கும்பாரு, படுத்துருவாரு. அந்த வாயை நான்தான் பூட்டினேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் மூணு வருஷம் ஒண்ணும் செய்யாம இருந்தேன். என்னைச் செருப்பால அடிக்கணும்.

கடைசியில ஒரு நாள் லீவு போட்டுட்டு யாருக்கும் சொல்லாம அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்தத் தடவை வேற டாக்டரு, என் மூத்த மக வயசுத் தமிழ்ப் பொண்ணு. முதல்ல மூத்திரக் குழாய்க்குள்ள கேமரா விட்டுப் பாத்தாங்க. அப்புறம் ஒரு பரிசோதனை. சன்னமான குழாய் வழியா மூத்திரப்பையில தண்ணியை நிரப்பி, மிஷினோட சேத்துக் கட்டி, மூணு பேரு சுத்தி நின்னுக்கிட்டு இருமுங்க ஆண்டின்னாங்க. வாழ்க்கை முழுக்க இருமலை அடக்கினவளுக்கு இரும வரலை. இன்னும் பலமா, இன்னும் பலமான்னு மூணு பேரும் இருமிக் காட்டுறாங்க. வெளிய உக்காந்திருந்தவங்க உள்ள காசநோய்க்காரங்க கூட்டம்னு நெனச்சிருப்பாங்க. கடைசியில ஒரு இருமலுக்கு மூத்திரம் போனதும், சூப்பர் ஆண்டின்னு பாராட்டினாங்க. மூத்திரம் விட்டதுக்கு ஒரு மனுஷியைப் பாராட்டினது அன்னிக்குத்தான்.

முடிவைப் பாத்துட்டு டாக்டரு உக்கார வச்சுப் பேசினாங்க. பழைய நாடா எங்கயும் குத்திக்கிட்டு வெளிய வரலை, ஆனா தாங்கவும் இல்ல. முதல் ஆபரேஷனுக்கு அப்புறம் பாரம் எதுவும் தூக்கினீங்களான்னு கேட்டாங்க. பால்குடத்தைச் சொன்னேன். எத்தனையாவது வாரம்னு கேட்டாங்க. ஏழுன்னேன். பேனாவைக் கீழ வச்சுட்டு நெத்தியைத் தேச்சுக்கிட்டாங்க. அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, வேற காரணமும் இருக்கலாம், ஆனா எதுக்கு ஆண்டி எடுத்தீங்கன்னு கேட்டாங்க. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுக்குன்னு சொன்னேன்.

அப்புறம் ஒரு தாள்ல படம் போட்டு வழியெல்லாம் சொன்னாங்க. ஒண்ணும் செய்யாம பேடோடயே இருக்கலாம், அதுவும் ஒரு முடிவுதான். குழாயோட கழுத்துல ஊசியால மருந்தைப் போட்டு உப்ப வைக்கலாம், சின்ன வேலை, ஆனா நாளாக நாளாக வடிஞ்சுரும், திரும்பத் திரும்பப் போட வேண்டி வரும். இன்னொரு வலை நாடாவே வைக்கலாம். வயித்தைத் திறந்து, தளர்ந்ததைத் தூக்கி எலும்புக்கிட்ட தையல் போட்டு நிறுத்தலாம். இல்ல, நம்ம வயித்துத் தோலுக்கு அடியில கெட்டியா ஒரு சவ்வு இருக்கு, அதுலயே ஒரு பட்டை வெட்டி எடுத்து குழாய்க்கு அடியில ஊஞ்சல் மாதிரி கட்டலாம், வெளிப்பொருள் எதுவும் இல்ல, ஆனா பெரிய வெட்டு, கொஞ்ச நாள் மூத்திரம் வர்றதுக்கே கஷ்டமா இருக்கலாம். செயற்கை அடைப்பான்னு ஒண்ணு இருக்கு, அது ரொம்ப முத்தினவங்களுக்கு. ரெண்டாவது தடவை செய்யுறப்ப முதல் தடவை அளவுக்கு எதையும் நம்பிச் சொல்ல முடியாதுன்னும், இதுல எது உசத்தின்னு காட்ட இன்னும் சரியான ஆராய்ச்சி இல்லன்னும் ஒளிக்காமச் சொன்னாங்க. நீங்கதான் தேர்ந்தெடுக்கணும்னாங்க. எனக்குச் சேலைக் கடையிலயே ரெண்டு சேலையில ஒண்ணை எடுக்கத் தெரியாது.

கிளம்புறப்பதான் அந்தப் பொண்ணு என் கையைப் புடிச்சுச் சொன்னுச்சு. "இந்தத் தடவை வீட்டுல ஒருத்தருக்காவது உண்மை தெரியணும், ஆண்டி. இல்லன்னா நான் எவ்வளவு நல்லா தச்சாலும் அடுத்த பால்குடம் வந்துரும்."

நான் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே அடுத்த பால்குடம் வந்துருச்சு. கைப்பையில இருந்த ஆஸ்பத்திரி அட்டை மேசையில விழுந்து கிடந்ததை அவரு பாத்துட்டாரு. கல்லு திரும்பிருச்சான்னு கேட்டாரு. நான் முழிச்ச முழியை ஆமான்னு எடுத்துக்கிட்டாரு. மறுநாளே நாத்தனா வீட்டுல பார்லி கொதிக்குது, இவரு கோயில் தலைவர்கிட்ட போய் இந்தத் தடவை பால்குடம் போதாது, என் வீட்டுக்காரம்மா பால் காவடியே எடுப்பான்னு சொல்லிட்டு வந்துட்டாரு. தலைவரும் சந்தோஷமா, அம்மாவுக்கு அருள் வர்றப்ப வாக்கு கேக்க மூணு குடும்பம் இப்பவே சொல்லி வச்சிருக்குன்னாராம்.

உண்மையைச் சொல்லணும்னா நான் எழுந்து ஓட முடியாத இடத்துல உக்காரணும். என் புத்தி எனக்குத் தெரியாதா? அதனால ஞாயித்துக்கிழமை காலையில, நானும் உங்க லோரியில மலைக்கு வாரேன்னு சொன்னேன். மனுஷன் அசந்து போயிட்டாரு. சீட்டுக்குத் துணி விரிச்சுக் குடுத்தாரு. ரெண்டு பேடு வச்சுக்கிட்டு ஏறினேன். சிம்பாங் பூலாய் தாண்டி லோரி மலை ஏற ஆரம்பிச்சதும் சொல்லிரணும்னு நெனச்சேன். ஒவ்வொரு வளைவா அடுத்த வளைவு, அடுத்த வளைவுன்னு தள்ளிக்கிட்டே போனேன். பாதி மலையில சொல்லிட்டேன்.

"எனக்குக் கல்லே வந்ததில்லீங்க. சிரிச்சா மூத்திரம் போயிருது. அதுக்குத்தான் ஆபரேஷன், அப்பவும் இப்பவும்."

அவரு ஒரு ஓரமாப் பாத்து லோரியை நிறுத்திட்டு, அப்ப சாமி அலமாரியில இருக்கிறது என்னன்னு கேட்டாரு. ஆஸ்பத்திரிப் பூந்தொட்டியில எடுத்ததுன்னு சொன்னேன். தினமும் அதுக்கு விபூதி போட்டேனேன்னாரு. எனக்கு அவரைப் பாக்கவே முடியலை. கோயில் மைக்குல அந்தக் கல்லைப் பத்திப் பேசினவரு, போறவன் வர்றவனுக்கெல்லாம் எடுத்துக் காட்டினவரு. கன்னத்துல ஒண்ணு விட்டிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். அவரு கேட்டது வேற.

"நான் பேசுறப்பல்லாம் நீ எழுந்து போனது அதுக்காகவா?"

ஆமான்னேன்.

"என்னைப் புடிக்காம போச்சுன்னு நெனச்சேன்மா. வயசாயிருச்சு, கோமாளித்தனம் போதும்னு உனக்குச் சலிச்சுப் போச்சாக்கும்னு நெனச்சேன்."

பின்னாடி வந்த லோரிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே போனான். நாங்க ரெண்டு பேரும் சீட்டுல உக்காந்து அழுதோம். அன்னிக்கு முட்டைக்கோசு ஏத்தப் போக ரொம்ப லேட்டாயிருச்சு.

அதுக்கப்புறம் மனுஷன் என்னை விட வேகமா ஆயிட்டாரு. கல்லை எடுத்துட்டுப் போய் வாசல் ரோஜாத் தொட்டியில போட்டாரு. கோயில் தலைவர்கிட்ட போய், நேந்துகிட்டது நான், காவடி நானே எடுக்கிறேன், என் பொண்டாட்டிக்கு உடம்பு ஆகாதுன்னு முடிச்சுட்டாரு. கல்லே இல்லன்னு நாத்தனாகிட்ட சொன்னப்ப அவங்க நம்பவே இல்ல. கல்லு இல்லாமலா எம் மவனுக்கு வாக்கு பலிச்சுச்சுன்னு கேட்டு பார்லியைக் கொண்டு வந்துக்கிட்டேதான் இருந்தாங்க. அதை அவரு குடிச்சாரு.

டாக்டரைப் பாக்கவும் கூடவே வந்தாரு. லோரி ரிப்பேர் பாக்குறவரு மாதிரி ஒவ்வொரு வழியையும் கேட்டாரு. ஊசி போடுறது பஞ்சர் டயருக்குக் காத்து அடிக்கிற கதைதானே லா, அது வேணாம்னாரு. ஒரு தடவை தாங்காத நாடாவை இவரு நம்பத் தயாரா இல்ல. எனக்கும் மனசு சொந்தச் சவ்வுப் பக்கம்தான் போச்சு. எங்கம்மா குடுத்த உடம்பு, அதுல இருந்தே எடுத்து அதுக்கே கட்டிட்டுப் போகட்டுமேன்னு சொன்னேன். டாக்டரு எழுதிக்கிட்டு இருக்கிறப்ப இவரு சட்டையைத் தூக்கித் தொப்பையைக் காட்டி ஒண்ணு கேட்டாரு.

"டாக்டர், இவ மெலிஞ்சவ. எங்கிட்ட இங்க நிறைய இருக்கு. அந்தப் பட்டையை எங்கிட்ட இருந்து வெட்டிக்கலாமா?"

விளையாட்டுக்குக் கேக்கலை. நிஜமாவே கேட்டாரு. உடம்பு ஏத்துக்காது அங்கிள்னு சொல்லிக்கிட்டே அந்தப் பொண்ணு மேசையில தலையைச் சாச்சுச் சிரிச்சுச்சு. நானும் சிரிச்சுட்டேன், டாக்டரோட நாற்காலி நனைஞ்சு போச்சு. அதுக்குத்தானே ஆண்டி வந்திருக்கீங்கன்னு சொல்லி அவங்களே துணி எடுத்துக் குடுத்தாங்க.

ஆபரேஷன் முடிஞ்சு சில நாள் குழாய் இருந்துச்சு. எடுத்த அன்னிக்கு அடுத்த கூத்து. இத்தனை வருஷம் வேணாம் வேணாம்னாலும் வந்தது, இப்ப வா வான்னாலும் வரலை. மிஸ்ஸி அளவு போட்ட ஜக்கைக் கையில குடுத்து, இதுல வந்தாத்தான் வீட்டுக்குன்னாங்க. டாய்லெட்டுல நான் ஜக்கோட உக்காந்திருக்கேன், கதவுக்கு வெளிய இவரு ஒரு வாளியில மக்கால தண்ணியை மொண்டு மொண்டு ஊத்துறாரு, சத்தம் கேட்டா வரும்னு யாரோ சொன்னாங்களாம். வந்துச்சாமா, வந்துச்சாமான்னு ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கேள்வி. எனக்கு வரலை, வரிசையில நின்ன மத்தப் பொம்பளைங்களுக்கு அவசரமா வந்துருச்சு. கடைசியில மெல்லிசுக் குழாயை நானே போட்டு எடுத்துக்கக் கத்துக் குடுத்து அனுப்பினாங்க. ரெண்டு வாரத்துல தானா வழிக்கு வந்துருச்சு, அன்னிக்கு வீட்டுல கேசரி கிண்டினாரு.

வீட்டுக்கு அனுப்புறப்ப டாக்டரு அவரைத் தனியாக் கூப்பிட்டு, தையல் ஆறுற வரைக்கும் இவங்களை ரொம்பச் சிரிக்க வைக்காதீங்க அங்கிள், வலிக்கும்னு சொல்லியிருக்காங்க. ரொம்பன்னு சொன்னதை இவரு காதுல வாங்கலை. மூணு மாசம் பாரம் தூக்கக் கூடாதுங்கிறதோட இதையும் சேத்து மூணு மாசமாக்கிட்டாரு. துணி துவைச்சாரு, அரிசி தூக்கினாரு, தைப்பூசத்துக்குக் காவடியும் எடுத்தாரு. என்கிட்ட மட்டும் எழவு வீட்டுக்கு வந்தவரு மாதிரி நடந்துக்கிட்டாரு. சாப்பிடுறப்ப ஏதாச்சும் ஞாபகம் வந்து உதடு துடிச்சா, தட்டை எடுத்துக்கிட்டு எழுந்து வெளிய போயிருவாரு. கதையைக் கேக்க நான் உக்காந்திருக்கேன், எழுந்து போறது இப்ப அவரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. இதைத்தானே இவருக்கு நான் வருஷக்கணக்காச் செஞ்சேன். வழியில பாத்த கதை மறந்து போயிரக் கூடாதுன்னு எல்லாத்தையும் காய்கறி டெலிவரித் தாளுக்குப் பின்னாடி எழுதி வச்சாரு, அது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

மூணு மாசம் கழிச்சு டாக்டரு இருமச் சொன்னாங்க, இருமினேன், தலையை ஆட்டினாங்க. இனிமே சிரிக்கலாமான்னு அவருதான் கேட்டாரு. தாராளமாச் சிரிங்கன்னாங்க.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில என்னை உக்கார வச்சு, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, தாள் கட்டை எடுத்தாரு. பாதி கையெழுத்து அவருக்கே புரியலை. "ரிங்லெட், வாத்து, ஹெல்மெட்டு"ன்னு ஒண்ணு எழுதியிருந்துச்சு. மலையில ரிங்லெட்டுங்கிற ஊருல ஏதோ வாத்தைப் பாத்திருக்காரு, ஹெல்மெட் எதுக்குன்னு ஞாபகம் இல்ல. வாத்து போட்டிருந்துச்சா, வாத்தை அதுல வச்சுத் தூக்கிட்டுப் போனாங்களான்னு எழுந்து நின்னு ரெண்டு விதமாவும் நடந்து காட்டினாரு. ஹெல்மெட் போட்ட வாத்து எப்படித் திரும்பிப் பாக்கும்னு யோசிச்சு, கழுத்தை மட்டும் மெதுவாத் திருப்பி என்னைப் பாத்தாரு.

நான் மேசையைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். மூச்சு வரலை, கண்ணுல தண்ணி. அவரு சட்டுன்னு வாத்தை நிறுத்திட்டு என் முகத்தையே பாத்தாரு.

"போச்சா?"

"ஒரு சொட்டு."

"நிறுத்திரவா?"

"நான் உக்காந்துதானே இருக்கேன். நீங்க அடுத்ததைப் படிங்க."